மீண்டும் தட்டப்பட்ட கதவு

கொல்கத்தாவின் தென்பகுதியில் உள்ள அலிப்பூர் பல வகைகளில் புகழ்பெற்ற இடம். தேசிய நூலகம், 1876-இல் திறக்கப்பட்ட விலங்குக்காட்சிசாலை, ஸ்ரீஅரவிந்தர் முதலானோர் மீதான வழக்கு 1908, 1909 ஆண்டுகளில் நடைபெற்ற நீதிமன்றம், தெற்கு 24 பர்கானா மாவட்டத்தின் தலைமை அலுவலகம் ஆகியவை இங்குள்ளன. நிழல் தரும் மரங்களுக்குப் பின்னே பெரிய மாளிகைகள் நிற்கின்றன. கிழக்கே ஆதிகங்கை, அதன் அக்கரையில் காளிகாட். மேற்கே சென்றால் கிதிர்ப்பூர்த் துறைமுகம்; அதையும் தாண்டினால் மேட்டியாபுரூஸ் என்னும், தையல் தொழிலாளர்கள் நெருங்கி வாழும் சந்துகள். வடமேற்கே வித்யாசாகர் பாலத்தைக் கடந்தால் ஹவுரா மாவட்டம் தொடங்கிவிடுகிறது.

செல்வமும் வறுமையும் இவ்வளவு அருகருகே வாழும் ஒரு நகரத்தில் சேவைச் சங்கங்கள் தோன்றியதில் வியப்பில்லை. அவற்றுள் ஒன்றைப் பற்றியும், அதன் உறுப்பினர்கள் பல்லாயிரம் பேரோடு சேர்ந்து ஆற்றிய ஒரு நீண்ட பணியைப் பற்றியும் சிந்திப்பது, சேவையில் ஈடுபாடு கொண்ட அன்பர்களுக்குப் பயன்படும்.

சங்கத்தின் தொடக்கம்

1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞரும் அவருடைய நண்பர்கள் மூவரும் கூடிப் பேசினர். கூட்டங்களை உறுப்பினர்களின் அலுவலகங்களில் மாறி மாறி, சுழல்முறையில் நடத்தியதால் அந்தச் சங்கம் ரோட்டரி எனப் பெயர் பெற்றது. முதலில் நட்பும் தொழில் உறவுமே அதன் நோக்கமாக இருந்தன. 1907-இல் மாநகர மன்றத்தின் அருகே பொதுக் கழிப்பறை ஒன்று அமைய அது முயற்சி எடுத்துக்கொண்டது. உலகெங்கும் கிளை பரப்பிய ஓர் அமைப்பின் சேவை வரலாறு கழிப்பறையில் தொடங்கியதை விழா மேடைகளில் யாரும் அவ்வளவாக நினைவூட்டுவதில்லை. நினைவூட்டினால் நன்றாயிருக்கும்.

இந்தியாவின் முதல் ரோட்டரி சங்கம் கொல்கத்தாவில் 1919-இல் அமைக்கப்பட்டு, 1920 ஜனவரி 1-இல் முறைப்படி ஏற்கப்பட்டது. அச்சங்கத்தைச் சேர்ந்த நிதீஷ் சந்திர லாஹிரி 1962-63-இல் உலக ரோட்டரியின் தலைவராக விளங்கினார். அப்பதவியை வகித்த முதல் இந்தியர் அவரே.

சங்க வாழ்க்கை எப்படிப்பட்டது என்பதை நகரவாசிகள் அறிவர். குறித்த நாளில் கூட்டம், சிற்றுண்டி, சொற்பொழிவு, பொன்னாடை, நினைவுப் பரிசு. பிறகு இரத்ததான முகாம், கண் சிகிச்சை முகாம், ஏழை மாணவர்களுக்கு நோட்டுப் புத்தகங்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் பதாகையின் முன் ஒரு புகைப்படம். இதை எள்ளி நகையாடுவது எளிது. ஆனால் அது நியாயமாகாது. கண் திறந்த முதியவருக்கு அந்த முகாமே தெய்வம். கேட்க வேண்டிய கேள்வி வேறு: செய்ததன் பயன் அன்றே கண்முன் தெரிகிற, நன்றி சொல்ல ஒருவர் எதிரே நிற்கிற பணியில் மட்டும்தான் நம் உற்சாகம் நிலைக்குமா? பயன் கண்ணுக்கே தெரியாத பணியில், நன்றி சொல்ல யாருமே இல்லாத பணியில், ஆண்டுக்கணக்காக நிற்க முடியுமா?

இக்கேள்விக்கு இந்திய மண்ணிலேயே ஒரு விடை எழுதப்பட்டிருக்கிறது. அது இளம்பிள்ளைவாத ஒழிப்பு.

இரண்டு சொட்டுகள்

1985-இல் ரோட்டரி உலகம் முழுவதும் போலியோவை ஒழிக்கும் பணியைத் தன் முதன்மைப் பணியாக ஏற்றது. 12 கோடி டாலர் திரட்டுவதாக முடிவு செய்து, 1988-க்குள் அதைப் போல இரு மடங்குக்கு மேல் திரட்டியது. அவ்வாண்டு உலக நலவாழ்வுப் பேரவை ஒழிப்புத் தீர்மானத்தை நிறைவேற்றியபோது, 125 நாடுகளில் ஆண்டுதோறும் சுமார் 3,50,000 குழந்தைகள் இந்நோயால் முடங்கிக்கொண்டிருந்தனர்.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் ஜேக்கப் ஜான், மேலைநாட்டுக் குழந்தைகளுக்குப் போதுமான அளவு சொட்டு மருந்து நம் நாட்டுக் குழந்தைகளுக்குப் போதாது என்பதைத் தம் ஆய்வுகளால் காட்டினார். 1980-களின் முற்பகுதியில், ரோட்டரியின் துணையோடு, வேலூரில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே காலத்தில் மருந்து தரும் முறை செயல்படுத்தப்பட்டது. பின்னாளில் நாடு முழுவதும் நடந்த முகாம்களின் முறை இதுவே. 1994 அக்டோபர் 2 அன்று டில்லியிலும், 1995 டிசம்பரில் நாடு முழுவதும் அம்முகாம்கள் தொடங்கின.

ஏன் எல்லோருக்கும் ஒரே நாளில்? போலியோக் கிருமி குழந்தையின் குடலில் பெருகி, கழிவின் வழியே வெளியேறி, அசுத்த நீரின் வழியே மற்றொரு குழந்தையை அடைகிறது. சுற்றியுள்ள எல்லாக் குழந்தைகளின் குடலிலும் தடுப்பாற்றல் ஏற்பட்டுவிட்டால் கிருமிக்குத் தங்க இடமில்லை. ஒரு குழந்தை விடுபட்டாலும் அதற்கு ஓர் இடம் கிடைத்துவிடுகிறது. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. கிருமி தொற்றிய சுமார் 200 குழந்தைகளில் ஒரு குழந்தைக்கே கால் தளர்கிறது. எஞ்சியோர் ஓடி விளையாடிக்கொண்டே கிருமியைப் பரப்புவர். ஆகவே ஒரு குழந்தை முடங்கியதாகத் தெரியும்போது, அதைச் சுற்றி நூற்றுக்கணக்கானோரிடம் கிருமி ஏற்கெனவே பரவிவிட்டிருக்கும்.

பயன் கருதாத கர்மம் என்ற உபதேசம் உலக வாழ்க்கைக்கு ஒவ்வாத உயர்ந்த கற்பனை என்று பலர் கருதுகின்றனர். இங்கோ அது நடைமுறையாகவே ஆகிவிடுகிறது. ஒரு தொண்டர் ஒரு நாளில் நூறு குழந்தைகளின் வாயில் மருந்து விடுகிறார் என்று கொள்வோம். அந்த நூறு பேரில் யாருக்காவது நோய் வந்திருக்குமா? வந்திருந்தால் யாருக்கு? அவரால் ஒருபோதும் அறிய முடியாது. நோயிலிருந்து தப்பிய குழந்தைக்கும் தான் தப்பியது தெரியாது. அது வளர்ந்து, நடந்து, தன் வழியே போய்விடும். இந்தப் பணியின் பயன் ஒன்று நிகழ்வதன்று, நிகழாமற்போவது. நிகழாத ஒன்றைப் புகைப்படம் எடுக்க முடியாதல்லவா?

வாசலில் ஒரு குறி

ஞாயிற்றுக்கிழமை முகாம் மையத்தில் மருந்து தரப்படும். மருந்து பெற்ற குழந்தையின் இடக்கைச் சுண்டுவிரலில் மையால் ஓர் அடையாளம். பனிக்கட்டிப் பொதிகள் வைத்த சிறு பெட்டியில் மருந்துக் குப்பிகள் இருக்கும். ஒவ்வொரு குப்பியின் மேலும் ஒரு வட்டம், அதனுள் வெளிர் நிறச் சதுரம். வெப்பம் பட்டு அச்சதுரம் கறுத்து வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் மருந்து பயனற்றது, எறிந்துவிட வேண்டும். எழுத்தறியாதவரும் பார்த்த அளவில் அறியத்தக்க ஏற்பாடு இது.

திங்கட்கிழமை முதல் வீடு வீடாகச் செல்லும் பணி. எல்லாக் குழந்தைகளுக்கும் மருந்து தரப்பட்ட வீட்டின் சுவரில் சுண்ணக்கட்டியால் ‘பி’ என்ற ஆங்கில எழுத்து. ஒரு குழந்தையேனும் விடுபட்டிருந்தால் ‘எக்ஸ்’. அக்குறியைப் போட்டவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது. குழந்தை வெளியூர் சென்றிருக்கிறதா, நோயுற்றிருக்கிறதா, பெற்றோர் மறுத்தார்களா என்று காரணத்தைக் குறித்துக்கொண்டு, மாலையிலோ மறுநாளோ மீண்டும் அதே கதவைத் தட்ட வேண்டும்.

முதல் முறை கதவு தட்டுவதற்கு உற்சாகம் போதும். ஐந்தாம் முறை தட்டுவதற்கு வேறொன்று வேண்டும். மறுத்தவரை அறியாமையில் மூழ்கியவர் என்று எண்ணிக்கொண்டு போகிறவரால் அது இயலாது. மறுத்தவர்களிடமும் காரணங்கள் இருந்தன. இம்மருந்து பிள்ளைப்பேற்றைத் தடுக்கும் என்ற வதந்தி ஒன்று, அது பொய். ஆனால் இன்னொரு காரணம் பொய்யன்று. “குடிநீர் இல்லை, சாக்கடை இல்லை, காய்ச்சலுக்கு மருத்துவர் இல்லை, இதை மட்டும் ஏன் மாதந்தோறும் வாசலுக்கே கொண்டுவருகிறீர்கள்?” என்ற பொருளில் மக்கள் கேட்டபோது, அதற்குத் தக்க மறுமொழி தொண்டர்களிடம் இல்லை. கேட்டவர் குறையை உணர்ந்தே கேட்டார். அக்கேள்வியைக் காது கொடுத்துக் கேட்ட பிறகே பணி முன்னேறியது என்பது கவனிக்கத்தக்கது. உத்தரப் பிரதேசத்தில் ரோட்டரி சங்கத்தினர் பொதுமருத்துவ முகாம்களை நடத்தினர். இஸ்லாமிய மார்க்க அறிஞர்களின் குழுவை அமைத்து அவர்களையே மக்களிடம் பேசச் செய்தனர். 2009 முதல், நோய் அதிகமாக இருந்த உத்தரப் பிரதேசம், பீகார் மாநிலங்களின் 107 வட்டாரங்களில் தூய்மை, கைகழுவுதல், வயிற்றுப்போக்கு மருத்துவம் ஆகியவற்றுக்கும் அரசும் துணை அமைப்புகளும் கவனம் செலுத்தின.

ஹவுராவில் ஒரு குழந்தை

2009-இல் இந்தியாவில் 741 குழந்தைகள் போலியோவால் தாக்கப்பட்டனர்; உலகின் மொத்த எண்ணிக்கையில் ஏறக்குறைய பாதி. 2010-இல், முன்னிலும் ஆற்றல் மிக்க சொட்டு மருந்து வந்த ஆண்டில், அது 42 ஆகக் குறைந்தது. 2011-இல் ஒன்றே ஒன்று. அந்த ஒன்று ஹவுரா மாவட்டத்தில், இரண்டு வயதும் நிரம்பாத ஒரு பெண் குழந்தை. ஜனவரி 13-ஆம் நாள் அக்குழந்தையின் கால் செயலிழந்தது.

அக்குழந்தைக்கு ஒரு முறைகூடச் சொட்டு மருந்து தரப்பட்டிருக்கவில்லை. பெற்றோர் தம் மற்றக் குழந்தைகளுக்குத் தந்திருந்தனர். இவள் அடிக்கடி நோயுற்றிருந்ததால், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டனர். இதில் பகைமை இல்லை, மூடநம்பிக்கையும் இல்லை. பிள்ளைமேல் உள்ள பரிவே காரணம். இலேசான காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தாலும் இம்மருந்தைத் தரலாம் என்று, அந்தத் தாய் நம்பும் ஒருவர், தக்க தருணத்தில், அருகே அமர்ந்து சொல்லியிருந்தால்? நாடு தழுவிய ஒவ்வொரு முகாமிலும் சுமார் 17 கோடிக் குழந்தைகளுக்கு, ஏறக்குறைய 23 லட்சம் பேர் மருந்து வழங்கிவந்தனர். அப்பெரும் கணக்கில் ஒரு வீடு விடுபட்டது. அந்த ஒரு வீட்டில்தான் அது நேர்ந்தது.

செய்தி உறுதியானதும் சுற்றுவட்டாரம் முழுவதும் மீண்டும் வீடு வீடாக மருந்து தரப்பட்டது. அதன் பிறகு இயற்கைக் கிருமியால் ஏற்பட்ட போலியோ இந்தியாவில் காணப்படவில்லை. 2012 பிப்ரவரியில், நோய் நிலவும் நாடுகளின் பட்டியலிலிருந்து இந்தியா நீக்கப்பட்டது. 2014 மார்ச் 27 அன்று தென்கிழக்கு ஆசிய வட்டாரத்தின் 11 நாடுகளும் போலியோ அற்றவை எனச் சான்றளிக்கப்பட்டன.

இவ்வெற்றி யாருடையது? மேடையில் இருப்பவர்கள் இதைத் தமதாக்கிக்கொள்ளும் ஆசை இயல்பே. ரோட்டரி பொருளுதவி திரட்டியது, அரசுகளை ஓயாமல் வலியுறுத்தியது, உறுப்பினர்கள் முகாம்களில் நின்றனர். இவை பெரிய காரியங்களே. எனினும் வெயிலில் சந்து சந்தாக நடந்தவர்களில் மிகப் பலர் அங்கன்வாடிப் பணியாளர்களும், ஆஷா பணியாளர்களும், அந்தந்தத் தெருவைச் சேர்ந்த பெண்களுமே. அவர்கள் பெற்ற ஊதியம் சொற்பம். அவர்களுடைய பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. சங்கத்தின் உறுப்பினர் தம் பங்கின் அளவை உணர்ந்து அவர்களுக்குப் பின்னே நின்ற இடங்களில் பணி செவ்வனே நடந்தது. தன்னார்வத் தொண்டர் கற்க வேண்டியவற்றுள், எங்கே நிற்பது என்பதும் ஒன்று.

சான்றிதழுக்குப் பிறகு

நோய் மறைந்தபின் அதற்கெதிரான உற்சாகமும் மறைவது மனித இயல்பு. தன் பிள்ளைக்கு ஏன் மருந்து என்று கேட்கும் இளம் தாய், போலியோவால் முடங்கிய ஒருவரையும் தன் தலைமுறையில் கண்டதில்லை. மாளிகைகளிலும் இக்கேள்வி எழுகிறது, குடிசைகளிலும் எழுகிறது. ஆப்கானிஸ்தானிலும் பாகிஸ்தானிலும் இயற்கைக் கிருமி இன்னும் அழியவில்லை. தடுப்பாற்றல் குறைந்த இடங்களில், சொட்டு மருந்திலுள்ள வலுவிழந்த கிருமியே நாளடைவில் மாறி மீண்டும் வலுப்பெறுவதும் உண்டு. 2022-இல் அலிப்பூருக்கு மேற்கே, மேட்டியாபுரூஸ் பகுதியின் கழிவுநீர் மாதிரியில் அத்தகைய கிருமி கண்டறியப்பட்டது. கழிவுநீரைத் தொடர்ந்து சோதித்துவந்ததால் அது தெரியவந்தது. அச்சோதனை இன்றும் நடக்கிறது. சொட்டு மருந்து முகாம்களும் நடக்கின்றன. ஞாயிறன்று மையத்துக்கு வராத குழந்தைகளைத் தேடி, திங்கட்கிழமை காலையில் குளிர்ப்பெட்டியும் சுண்ணக்கட்டியுமாக இரண்டு பேர் சந்துக்குள் நுழைகிறார்கள்.