உறைந்த ஏரிக்கு எந்தத் தடம்?

கொலராடோவின் ராக்கி மலைத் தேசியப் பூங்காவில் உயரத்தில் செல்லும் ட்ரெயில் ரிட்ஜ் சாலை அக்டோபர் நடுவிலிருந்து மே கடைசிவரை மூடிக்கிடக்கும். பேர் லேக் சாலையில் மட்டும் குளிர்காலம் முழுக்கப் பனியை ஒதுக்கி வழிவிடுவார்கள். அது முடியும் பேர் லேக் 2,888 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்தும், சற்றுக் கீழே உள்ள கிளேசியர் கார்ஜ் நிறுத்தத்திலிருந்தும் காட்டுக்குள் போகும் தடங்களில், பனியில் கால் புதையாமலிருக்கப் பூட்ஸில் மாட்டும் ஸ்னோஷூவோடு நடப்பவர்கள் பெரும்பாலும் தேடிப் போவது நான்கு ஏரிகளை: எமரால்ட், பியர்ஸ்டாட், மில்ஸ், தி லாக். நான்குமே அரைநாளில் போய்த் திரும்பக்கூடிய தூரம்தான். காலடியில் கிடக்கும் பனி, தலைக்கு மேலிருக்கும் சரிவு, காற்று ஆகிய மூன்றிலும்தான் அவை வேறுபடுகின்றன.

எல்லோரும் முதலில் கேட்பது எமரால்டைத்தான். பேர் லேக்கிலிருந்து 2.9 கிலோமீட்டர், ஏற்றம் ஏறத்தாழ 200 மீட்டர். வழியில் நிம்ஃப், ட்ரீம் என்று இரண்டு ஏரிகள் வருவதால், மூச்சு வாங்கினால் இடையிலேயே நின்றுகொள்ளலாம். குழந்தைகளோடு வருபவர்களுக்கும், உயரம் பழகாதவர்களுக்கும் இது பெரிய வசதி. ஆனால் ஸ்னோஷூ நடைக்கென்றே வந்தவருக்கு இது ஏமாற்றமாக முடியலாம். ஆள் நடமாட்டத்தில் தடம் பலகைபோல் இறுகிவிடுவதால், பனி பெய்து சில நாள் கழிந்தால் ஸ்னோஷூவுக்கு அங்கே வேலையே இருக்காது. பூட்ஸுக்கு மேல் மாட்டும் மைக்ரோஸ்பைக் போதும். ட்ரீமைத் தாண்டியதும் இருபுறமும் ஃபிளாட்டாப், ஹாலெட் சிகரங்களின் செங்குத்துச் சரிவுகள் நெருங்குகின்றன. பெருமழைபோல் பனி கொட்டிய மறுநாள் ட்ரீமோடு திரும்புவதே சரி.

பியர்ஸ்டாட் இதற்கு நேர்மாறு. கண்ணைப் பறிக்கும் சிகர முற்றம் இல்லாததால் கூட்டம் குறைவு. பனி மெத்தென்று கிடக்கும். முன்னொரு காலத்துப் பனியாறு ஒதுக்கிவிட்டுப் போன மொரைன் மேட்டின்மேல், அடர்ந்த மரங்களுக்கு நடுவே இருக்கிறது இந்த ஏரி. பேர் லேக்கிலிருந்து முதலில் ஏறி, பிறகு காட்டுக்குள் மெல்ல இறங்கவேண்டும். ஏரி புறப்பட்ட இடத்தைவிடச் சற்றே தாழ்வில் இருப்பதால், வந்த வழியே திரும்பும்போது களைத்த காலுக்கு இன்னொரு ஏற்றம் காத்திருக்கும். இதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. பனிச்சரிவு அபாயம் மிகக் குறைவு என்பது இதன் பெரிய பலம். வழி தவறுவது பலவீனம். லாட்ஜ்போல் பைன் மரங்கள் எத்திசையிலும் ஒன்றுபோல நிற்கின்றன. மேடு தட்டையாக இருப்பதால் எது ஏற்றம், எது இறக்கம் என்பதை வைத்தும் திசை பிடிக்க முடியாது. புதுப்பனி முந்தைய தடத்தை மூடிவிட்டால் வரைபடமும் திசைகாட்டியும் இல்லாமல் போகக்கூடாது. செல்பேசியை மட்டும் நம்பினால், குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கிவிடும். ஸ்னோஷூவின் சுகத்தை முழுதாக அறிய விரும்புபவர் இந்த நான்கில் தேர்ந்தெடுக்க வேண்டியது இதையே.

மில்ஸும் தி லாக்கும் கிளேசியர் கார்ஜிலிருந்து ஒரே தடத்தில் தொடங்கிப் பிறகு பிரிபவை. கோடைப் பாதையில் இரண்டுக்கும் நாலரை முதல் ஐந்து கிலோமீட்டர்; குளிர்காலத்தில் ஓடைப் பள்ளத்தோடு போகும் குறுக்குவழி கொஞ்சம் மிச்சப்படுத்தும். பூங்கா உருவாகப் பாடுபட்ட இயற்கையாளர் ஈனாஸ் மில்ஸின் பெயரைத் தாங்கிய மில்ஸ் ஏரியில் லாங்ஸ் சிகரம் எதிரே எழுந்து நிற்கும். தி லாக் அதைவிட 75 மீட்டர் உயரம். கடைசி ஏற்றம் செங்குத்து. அங்கே காற்று பொல்லாதது. கண்ட நீர்ப்பிரிமுகட்டைத் தாண்டி வரும் மேலைக்காற்று அந்தக் குறுகிய பள்ளத்தாக்கில் நெருக்கிப் பிடித்து வீச, ஏரியின்மேல் ஆளை நிற்கவிடாத நாட்கள் உண்டு. முன்னறிவிப்பு பலத்த காற்று என்றால், பிரியும் இடத்தில் மில்ஸ் பக்கம் திரும்பிவிடலாம். அந்த முடிவைக் கடைசிவரை தள்ளிப்போட முடிவதே கிளேசியர் கார்ஜின் அனுகூலம்.

அருகிலுள்ள எஸ்டெஸ் பார்க் ஊரில் ஸ்னோஷூ வாடகைக்குக் கிடைக்கும். அளவை உயரத்தைப் பார்த்து எடுப்பது தவறு. உடல் எடையோடு முதுகுப்பையின் எடையையும் கூட்டவேண்டும். மொத்தம் 80 கிலோவுக்குள் என்றால் 22 அங்குலம் பொதுவாகப் போதும். பியர்ஸ்டாட் போன்ற இளம்பனிக்கு 25 அங்குலம் நல்லது. மில்ஸ், தி லாக் தடங்களுக்குக் குதிகாலடியில் நிமிர்த்திவைக்கும் கம்பி உள்ளதைக் கேட்டு வாங்கவேண்டும். ஏற்றத்தில் கெண்டைக்கால் இழுபடாமல் அது காக்கும். மாட்டும்போது பாதத்தின் முன்மேடு சுழலச்சுக்கு நேர்மேலே வரவேண்டும். ஓர் அங்குலம் முன்னே போனாலும் ஒவ்வோர் அடியிலும் பூட்ஸ் நுனி பலகையில் இடிக்கும். உள்ளே பருத்தி உடை கூடவே கூடாது. வியர்வையில் நனைந்து, நின்ற மாத்திரத்தில் விறைக்கவைக்கும்.

மாதத்தைத் தேர்வதிலும் வித்தியாசம் இருக்கிறது. டிசம்பரில் பனி மெலிவு, பாறைகள் தலைநீட்டும். மாலை ஐந்துக்குள் இருட்டிவிடும், சிகர நிழல் அதற்கும் முன்பே விழும். மார்ச்சில் பனி ஆழம், பகலும் நீளம். எந்த மாதமானாலும் கொலராடோ பனிச்சரிவுத் தகவல் மையத்தின் அன்றைய அறிவிப்பைப் பார்த்தபிறகே எமரால்டையும் தி லாக்கையும் கணக்கில் சேர்க்கலாம். 30 முதல் 45 பாகைவரை சாய்ந்த வெட்டவெளிச் சரிவுகளே பெரும்பாலும் சரிகின்றன. அறிவிப்பு மோசமாக இருந்தால் பியர்ஸ்டாட் பக்கம் போவதே சரி.

உறைந்த ஏரியைக் குறுக்கே கடப்பது தனிக்கேள்வி. நடப்பதற்குத் தெளிந்த பனிக்கட்டி 10 சென்டிமீட்டராவது இருக்கவேண்டும் என்பது பொதுவிதி. வெண்பனி கலந்த கட்டி அதைவிட வலுக்குறைவு. ஓடை உள்ளே வரும் முனையிலும் வெளியேறும் முனையிலும் நடுக்குளிரிலும் கட்டி மெலிந்தே இருக்கும். தி லாக், மில்ஸ் இரண்டிலும் காற்று பனியைத் துடைத்தெடுத்துக் கண்ணாடிபோல் விட்டிருக்கும். அங்கே ஸ்னோஷூவின் பற்கள் சறுக்கினால், கரையோர மரங்களை ஒட்டிச் சுற்றிப்போவதற்குப் பத்து நிமிடம் அதிகமாகும், அவ்வளவுதான்.