அடுப்பங்கரைக்கு டைல் பதிப்பது எப்படி?

எஹலியகொடவில் டைல் புதிய பொருள் அல்ல. றோயல் சிறமிக்ஸ் கம்பனியின் டைல் தொழிற்சாலை ஒன்று இவ்வூரிலேயே இயங்குகிறது. கட்டட வேலைத்தலங்களில் மிஞ்சும் துண்டுகளும், கடைகளில் கழிவு விலைக்குப் போகும் ரகங்களும் லயத்து வீடுகளுக்கு வந்து சேருகின்றன. முதலில் பதிக்கும் இடம் பெரும்பாலும் அடுப்பங்கரைதான். கரி படிந்த சுவரைத் துடைத்துத் துடைத்துக் களைத்துப்போன பெண்களின் ஆசை அது. நியாயமான ஆசை. ஆனால் குளியலறையில் பதிப்பது போல அடுப்படியில் பதித்தால் அது நிற்காது.

இதை நான் என் தங்கையின் வீட்டில் கற்றேன். அடுப்பு வாயின் ஓரம் வரை சீமெந்துச் சாந்து பூசி, பளபளப்பான டைல்களை நானே ஒட்டிக் கொடுத்தேன். மூன்றாவது வாரம், விடியற்காலையில் பால்வெட்டுக்குப் போகுமுன் தேநீர் கொதிக்க வைத்திருந்தபோது, “அண்ணே, சுவரு வெடிக்குது!” என்று சத்தம் கேட்டது. ஒரு டைல் பிளந்து, அதன் துண்டு சுடுநீர்ச் சட்டியின் அருகில் விழுந்திருந்தது. சின்னவன் அப்போது ஓர் அடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தான்.

ஏன் வெடித்தது? டைலும் அதன் பின்னுள்ள சாந்தும் வெப்பத்தில் ஒரே அளவாக விரிவதில்லை. இடையில் ஈரம் இருந்தால் அது ஆவியாகி வெளியே வர வழி தேடும். இன்னொரு காரணமும் உண்டு. சீமெந்து இறுகும்போது அதில் ஒரு வகைச் சுண்ணாம்பு உண்டாகிறது. ஏறத்தாழ 400 பாகை செல்சியசுக்கு மேல் அது நீரை இழந்து சிதைகிறது. அடுப்பு ஆறியதும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி மறுபடியும் ஊதுகிறது. மழைக்குப் பஞ்சமில்லாத நம் இரத்தினபுரி மாவட்டத்தில் இது தினமும் நடக்கும். சாந்து பொடியாகிவிடும். ஆகவே நெருப்புக்கு அருகில் சீமெந்தும் வேண்டாம், டைலும் வேண்டாம். அங்கே மண்தான் வேண்டும்.

அடுப்பைப் பற்றி முதலில் பார்ப்போம். கடைகளில் கிடைக்கும் ‘அனகி’ மண் அடுப்பு பலருக்கும் தெரிந்தது. 1980களில் இலங்கை மின்சார சபையும், இன்று பிரக்டிகல் அக்ஷன் எனப்படும் இடைநிலைத் தொழில்நுட்ப அபிவிருத்திக் குழுவும் ஈடுபட்ட முயற்சியில் உருவான அடுப்பு அது. ஒரு வாயில் விறகு வைத்தால் இரண்டு சட்டிகள் வேகும். பின் சட்டிக்குப் போவது முன் சட்டியில் மிஞ்சிய சூடு. அதனால் முன்னால் சோறு, பின்னால் பருப்பு என்று வைப்பது நல்லது. மூன்று கல் அடுப்பை விட விறகு குறைவாகவே செல்லும். ஆனால் வாங்கியபடியே தரையில் வைத்துப் பாவிக்கக் கூடாது. சுற்றிலும் மண் அணைத்தால்தான் சூடு வெளியே போகாது, அடுப்பும் சீக்கிரம் வெடிக்காது.

மண் அணைப்புக்கு நாங்கள் எடுப்பது இதுதான்: புற்றுமண் இரண்டு பங்கு, உமி ஒரு பங்கு, கொஞ்சம் மாட்டுச்சாணம். ஒரு நாள் ஊறவிட்டு, காலால் மிதித்து, அடுப்பைச் சுற்றி இரண்டு அங்குலத் தடிப்பில் பூசுங்கள். உமி எரிந்து போன இடத்தில் நுண்ணிய காற்றறைகள் நிற்கும். அவைதான் சூட்டைத் தடுப்பவை. வெயிலில் காய வைக்க வேண்டாம், நிழலில் காயட்டும். வெடிப்பு வந்தால் நீர்த்த மண்ணால் மெழுகுங்கள். முதல் நெருப்பு சிறு சுள்ளி நெருப்பாகவே இருக்கட்டும்.

இனி டைல். மண் அணைப்பின் விளிம்பிலிருந்து குறைந்தது மூன்று அங்குலம் விட்டு டைலைத் தொடங்குங்கள். இடைவெளியை அதே மண்ணால் சாய்வாக மெழுகிவிட்டால் சாம்பல் தங்காது. அதற்கு அப்பால் சீமெந்துச் சாந்து தாங்கும். இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். சுவர் டைல் தண்ணீரை உறிஞ்சும். அதை ஊறவைத்துப் பதித்தால் சாந்து பிடித்துக்கொள்ளும். தரைக்குரிய போர்சலின் டைலோ தண்ணீரைக் குடிக்காது, வெறும் சாந்தில் அது நன்றாகப் பற்றாது. அதற்கென விற்கும் டைல் பசை வேண்டும். எந்த ரகம் என்று தெரியாவிட்டால் டைலின் பின்பக்கத்தில் ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள். துளி உடனே மறைந்தால் அது சுவர் டைல். டைல்களை நெருக்கிப் பதிக்காமல் சிறு இடைவெளி விடுங்கள். ஒரு வாரம் தண்ணீர் தெளித்து இறுகவிடுங்கள். அதுவரை சமையல் வெளியே.

பின் சுவர் பலகையாகவோ மரச்சட்டத்தில் அடித்த தகரமாகவோ இருந்தால் அதன் மேல் டைல் ஒட்டுவது ஆபத்து. டைல் குளிர்ச்சியாகத் தெரிந்தாலும் பின்னால் உள்ள மரம் நாளடைவில் காய்ந்து கருகும். சுவரிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி ஒரு செங்கல் மறைப்பு எழுப்புங்கள். கீழும் மேலும் திறந்திருந்தால் நடுவில் காற்று மேலேறிச் சூட்டைக் கொண்டுபோகும். அந்தச் செங்கல்லின் மேல் டைல் பதிக்கலாம்.

டைல் புகையைக் குறைக்காது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் சுவர் சுத்தமாகத் தெரிந்தால் அறையும் சுத்தம் என்று நினைத்துவிடுகிறோம். வீட்டுப் புகையால் 2020இல் மட்டும் உலகில் ஏறக்குறைய 32 இலட்சம் பேர் மாண்டதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அடுப்புக்கு மேல் புகைக்கூண்டு இல்லையென்றால், டைலுக்கு முன் அதற்குச் செலவழியுங்கள். விறகும் உலர்ந்திருக்க வேண்டும். பச்சை இறப்பர் விறகு எரிவதில் சூட்டின் ஒரு பகுதி அதன் நீரை ஆவியாக்கவே போகிறது. புதிதாக வெட்டிய விறகைப் பிளந்து, அடுப்புக்கு மேலுள்ள பரணில் அல்ல, இஸ்தோப்பில் காற்றுப் படும்படி அடுக்குங்கள். பரணில் உலர்ந்தவை தீப்பற்றுவதும் உண்டு.

கடைசியாக ஒரு சங்கடம். 1992இல் தோட்டங்கள் தனியார் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு வந்த பின்னும் லயத்துக் காம்பராவில் இருக்கும் பலருக்கு அந்த வீடு சொந்தமில்லை. “நாளைக்கு வேற காம்பரா குடுத்தா டைலை என்ன செய்ய?” என்று கேட்பவர்களுக்கு, சுவரை உடைத்து மாற்றும்முன் தோட்ட அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள் என்பதே முதல் பதில். இரண்டாவது: அடுப்புத் திட்டின் மேல் பதிக்கும் டைல்களைச் சீமெந்தில் ஒட்டாமல், சமப்படுத்திய மணலில் நெருக்கி வைத்து, ஓரத்தில் மட்டும் மண்ணால் பூட்டுங்கள். துடைக்க அது போதும். போகும்போது கத்தி முனையால் மண்ணைக் கீறினால் முழுதாக வரும். என் தங்கை சென்ற வருடம் வீடு மாறியபோது பதினாறு டைல்களைச் சாக்கில் கட்டி எடுத்துப்போனாள். ஒன்றுதான் உடைந்தது, அதுவும் லொறியில்.