சொந்தக் கணினியும் பொது வலையமைப்பும்

மஞ்சளுக்கும் ஜவுளிக்கும் பெயர்பெற்ற நகரம் ஈரோடு. கணக்கேடுகள் இருந்த இடத்தில் இன்று அங்குக் கணினிகள் உள்ளன. கொள்முதல் விலை, வாடிக்கையாளர் விவரம், ஊதியப் பட்டியல் முதலியன நிறுவனத்தின் வலையமைப்பிலேயே சேமிக்கப்படுகின்றன. 2011ஆம் ஆண்டு தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் எளிய குடும்பத்து மாணவர்க்கும் கணினியை உரிமையாக்கியது. பழகிய அக்கருவியையே பணியிடத்திலும் பயன்படுத்துவது இளைஞர்க்கு எளிது. சிறு நிறுவனங்களுக்கோ செலவு மிச்சம்.

ஆயினும், சொந்தக் கணினியில் எவ்வெவ்மென்பொருள்கள் உள்ளன, அவை புதுப்பிக்கப்பட்டனவா என்பதை நிறுவனம் அறியாது. வண்டு பிடித்த ஒரு மூட்டையைக் கிடங்கில் அடுக்கினால், அருகிலுள்ள மூட்டைகளுக்கும் அது பரவும். தீநிரலின் இயல்பும் அத்தகையதே. 2017 மே மாதம் பரவிய 'வானாக்ரை' என்னும் தீநிரல், புதுப்பிக்கப்படாத கணினிகளைத் தானே தேடிச்சென்று முடக்கியது. அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் இரு மாதங்களுக்கு முன்பே வெளியிட்டிருந்தது. அதனை நிறுவாதோரே பெரிதும் பாதிக்கப்பட்டனர்.

தமிழ்நாட்டிலும் ஒரு சான்று உண்டு. 2019 செப்டம்பரில் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணினி ஒன்றில் தீநிரல் இருப்பது கண்டறியப்பட்டது. அக்கணினி, இணையத்தோடு தொடர்புடைய நிருவாக வலையமைப்பில் இணைந்திருந்தது. நிலையத்தின் முதன்மையான உள் வலையமைப்போ அதனின்றும் தனியே பிரிக்கப்பட்டிருந்தது. எனவே, நிலையத்தின் இயக்கம் பாதிக்கப்படவில்லை என இந்திய அணுமின் கழகம் அறிவித்தது.

இப்பிரிப்பே சிறு நிறுவனங்களுக்கும் ஏற்ற வழியாகும். சொந்தக் கணினிகளுக்கென இணைய வசதி மட்டும் கொண்ட தனி வலையமைப்பை அமைத்தல் வேண்டும். கணக்கும் ஊதியமும் உள்ள வலையமைப்பில் நிறுவனக் கணினிகள் மட்டுமே இணைதல் வேண்டும். பணியாளர் முன்அனுமதி பெறுதலும், மென்பொருளைப் புதுப்பித்தலும், அலுவலகக் கோப்புகளைத் தனியே வைத்தலும் இன்றியமையாதன. உரிமையாளரின் அனுமதியின்றி வலையமைப்பில் தீநிரலைப் புகுத்துவோர் இழப்பீடு வழங்க நேரிடும் எனத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43 கூறுகிறது.

இவ்வொழுங்கு இருதரப்பையும் காக்கும். நிறுவன வலையமைப்பில் இணையும் கணினியின் போக்குவரத்தை நிறுவனம் கண்காணிக்க இயலும். பணியாளரின் தனிப்பட்ட செய்திகளும் அதில் அடங்கலாம். ஆதலால், எதைக் கண்காணிப்போம் என்பதை முன்கூட்டியே தெரிவிப்பது நிறுவனத்தின் கடமை. எதில் இணைகிறோம் என்பதை அறிந்து இணைவது பணியாளரின் கடமை.