கேட்டில் நிற்பவருக்கு முதலில் பயிற்சி

சென்னிமலைப் பக்கம் பெட்ஷீட், துண்டு அடுக்கிய குடோன்களில் காவல் ஆட்களை மேற்பார்க்கிறேன். தறி ஓட்டத் தெம்பில்லாதவருக்குத் தரும் வேலை இது என்றே பலர் நினைக்கிறார்கள். ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் பருத்தி. அது தீப்பிடித்தால் பார்க்க ராத்திரி முழித்திருப்பவர் காவலர் ஒருவர்தான்.

தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2005-ல் வந்தது. அதன்படியும் அதன் விதிகளின்படியும் ஏஜென்சி அனுப்பும் காவலருக்கு 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப்பயிற்சியும் வேண்டும். குறைந்தது 20 வேலை நாட்கள். முன்னாள் ராணுவத்தினருக்கும் போலீசாருக்கும் 40 மணி நேர வகுப்பும் 16 மணி நேரக் களப்பயிற்சியும் போதும். வயது 18 முதல் 65 வரை. நீங்களே நேரடியாக ஆள் வைத்தாலும் இதே பாடங்களைச் சொல்லிக்கொடுங்கள்.

நான் கண்டுகொண்டவை இவை:

1. ஏஜென்சியிடம் லைசென்ஸ் நகலோடு, வரும் ஒவ்வொரு ஆளின் பயிற்சிச் சான்றிதழையும் கேளுங்கள். ரேட்டை அப்புறம் பேசலாம்.

2. தீயணைப்புச் சிலிண்டரைச் சுவரில் மாட்டினால் மட்டும் போதாது; கையில் கொடுத்து அடிக்கவிடுங்கள். முதல்முறை பிடிப்பவர் மேலே எழும் சுவாலையைக் குறிவைப்பார். பவுடர் சில நொடிகளில் தீர்ந்துவிடும், தீ அப்படியே இருக்கும். பின்னை உருவி, தீயின் அடியில் அடிக்க வேண்டும். இதைக் கை பழகினால்தான் வரும்.

3. “நம்ம மொதலாளி வண்டிதானுங்களே” என்று கேட்டைத் திறந்துவிடக் கூடாது. சலானில் எத்தனை பண்டல், வண்டியில் எத்தனை பண்டல் என்று எண்ணிய பிறகே கையெழுத்து. ஆங்கில எழுத்தும் எண்ணும் வாசிக்கப் பயிற்சி வேண்டும் என்று விதி சொல்வது இதற்கும் உதவும்.

4. கண்ணெதிரே திருடியவரைப் பிடித்தால் அடிக்கக் கூடாது. உடனே போலீசுக்குச் சொல்ல வேண்டும். தாமதிக்காமல், அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள் ஒப்படைக்க வேண்டும் என்கிறது இப்போதைய சட்டம். இது தெரியாத காவலர்மேலேயே வழக்கு விழும்.

5. பயிற்சி நாளுக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள். சான்றிதழின் அசலை அவரிடமே கொடுங்கள். நாளைக்குப் பெருந்துறை சிப்காட்டுக்கோ திருப்பூருக்கோ போனாலும், அதைக் காட்டி நல்ல சம்பளம் கேட்கும் உரிமை அவருக்கு வேண்டும்.