தண்டலத்துக்காரர்

அன்புள்ள மாப்பிள்ளை,

இளைஞர் அணியில் சேரச் சொல்லிக் கட்சிக்காரர்கள் வீட்டுக்கே வந்து கூப்பிட்டார்கள், சேரலாமா என்று கேட்டிருந்தாய். எந்தக் கட்சி என்பதை நீயே முடிவு செய்துகொள். அதற்கு முன்னால் நம் பக்கத்துக்காரர் ஒருவரைப் பற்றித் தெரிந்துகொள்.

போரூர், குன்றத்தூர் பக்கம் தண்டலம் என்று ஓர் ஊர் இருக்கிறதே, அதன் பழைய பெயர் துள்ளம். திரு.வி.க. 1883 ஆகஸ்ட் 26 அன்று பிறந்தது அங்கேதான். பள்ளிக்கூடத்தில் 'தமிழ்த்தென்றல்' என்று ஒரு மார்க் கேள்விக்குப் படித்திருப்பாய். அதோடு அவரை விட்டுவிட்டோம் என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் படித்தபோது, யாழ்ப்பாணத்துக் கதிரைவேற்பிள்ளை அவருக்குத் தமிழ் ஆசிரியர். வள்ளலாரின் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்று நடந்த சண்டையில் அந்த ஆசிரியர்மேல் வழக்கு வந்தது. பள்ளியிறுதித் தேர்வு நேரம். பையன் ஆசிரியருக்காகச் சாட்சி சொல்ல நீதிமன்றம் போனார். தேர்வு போயிற்று, படிப்பும் அதோடு நின்றது. அந்த வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று இன்றைக்கும் வாதாடலாம். ஆனால், தன் எதிர்காலம் கைவிட்டுப் போகும் என்று தெரிந்தே ஒருவர் பக்கத்தில் போய் நின்ற அந்தப் பையனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பின்னால் ஸ்பென்சர் கம்பெனியில் கணக்கு வேலை கிடைத்தது. தேசிய இயக்கத்தின் மேல் இருந்த பற்றினால் அதுவும் நிலைக்கவில்லை.

1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம், கர்நாடிக் மில்களின் தொழிலாளர்தான் அதற்கு அடித்தளம். செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் முன்கை எடுத்தார்கள், தலைவர் பி.பி.வாடியா, திரு.வி.க. துணை நின்றார். தலைவர்கள் மேடையில் இங்கிலீஷில் முழங்கிய காலம் அது. நெசவுக்கூடத்திலிருந்து பஞ்சுத் தூசியோடு வந்து உட்கார்ந்தவர்களுக்குத் தமிழில் பேசினார் அவர். 'தேசபக்தன்' நாளிதழிலும் 'நவசக்தி'யிலும் எழுதினார். சங்கம் வைப்பது அன்றைக்குச் சட்டப் பாதுகாப்பில்லாத காரியம். தொழிலாளரைத் தூண்டிவிட்டதாக வாடியாமேல் கம்பெனி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. அவர் சங்கத்தைவிட்டு விலக வேண்டியதாயிற்று. 1926இல்தான் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. உன் கம்பெனி வாசலில் பறக்கிற கொடிக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

ஒன்றை மறைக்கக் கூடாது. அதே மில்களில் நடந்த 1921 வேலைநிறுத்தம் சாதிச் சண்டையாகத் திரும்பியது. ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்ப, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. வேலைநிறுத்தமும் தோற்றது. சேரிக்காரரின் பயத்தையும் பசியையும் சங்கம் முதலிலேயே காதுகொடுத்துக் கேட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து. நீ சேரப்போகிற அணியின் கூட்டத்துக்கு எந்தெந்தத் தெருக்காரர்கள் வருவதில்லை என்று பார். ஏன் என்றும் கேள்.

1947க்கு வருகிறேன். திரு.வி.க. வளர்த்த காங்கிரஸ் ஆட்சிக்கு வந்துவிட்டது. பின்னி மில்லில் மறுபடியும் போராட்டம். பழைய தோழர்களே மந்திரிகள். ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருந்தால் மாலை மரியாதை எல்லாம் வாசலுக்கு வந்திருக்கும். அறுபதைத் தாண்டிய மனிதர் தொழிலாளர் பக்கம் நின்றார். ஓமந்தூரார் தலைமையிலான சென்னை மாகாண அரசு அவரை வீட்டுக் காவலில் வைத்தது. எதிர்க்கட்சியை எதிர்க்க எல்லோருக்கும் வரும். தன் கட்சிக்காரனிடமே 'நீ செய்வது தப்பு' என்று சொன்னவர்கள் என் கண்ணுக்கு அதிகம் தட்டுப்படவில்லை.

மனைவி கமலாம்பிகையும் பிள்ளைகளும் இளமையிலேயே போய்விட்டார்கள். அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. கடைசிக் காலத்தில் கண்பார்வை போன பிறகும் பிறரை எழுதச் சொல்லி நூல்கள் தந்தார். 1953 செப்டம்பர் 17இல் காலமானார்.

அவர் நூல்கள் நாட்டுடைமை ஆகிவிட்டன. 'வாழ்க்கைக் குறிப்புகள்' தேடினால் எளிதாகக் கிடைக்கும். உறுப்பினர் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அதைப் படி. பிறகு, உன்னைக் கூப்பிட்டவர்களிடம் போய், கம்பெனியில் உன்னோடு வேலை செய்கிற ஒப்பந்தத் தொழிலாளிக்காகக் கட்சி என்ன செய்யப்போகிறது என்று கேள். அவர்கள் சொல்கிற பதிலை எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா