தழும்பு விழுந்த இதயத்தின் மின்னோட்டத்தைக் கணினியில் வரைந்து பார்க்க

பேராதனையில் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் விடுமுறைக்குப் பலாபத்வல வரும்போது மடிகணினியில், மார்பில் பதியும் மின்னழுத்தத்திலிருந்து இதயத்தின் மின்னோட்டத்தை வரைய முயல்கிறார்கள். வண்ணப்படம் வந்ததும் மகிழ்ந்து நிறுத்திவிடுகிறார்கள். முதலில் வரும் படத்தை நம்பவே கூடாது.

உயிர்மருத்துவப் பொறியியலாளர் யோரம் ரூடியின் குழு 2004 இல் இம்முறையை மனிதரிடம் செய்து காட்டியது. மார்பைச் சுற்றி 200க்கும் மேற்பட்ட மின்வாய்களை ஒட்டி, சீ.ரி. ஸ்கானும் எடுத்து, தோலில் பதியும் மின்னழுத்தத்திலிருந்து இதய மேற்பரப்பின் மின்னழுத்தத்தைக் கணக்கிட்டார்கள். 2017 இல் அமெரிக்காவின் சென் லூயிஸில், கீழறைத் துடிப்பு திரும்பத் திரும்பத் தறிகெட்ட 5 நோயாளருக்கு இந்தப் படத்தையும் கொண்டு கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு இடம் குறித்தார்கள். இடம் பிசகினால் நல்ல தசை கருகும். கவனம் வேண்டுவது அதனால்தான்.

முதலில் நைமேகன் பல்கலைக்கழகத்தின் ஈ.சி.ஜி.சிம் மென்பொருளை இறக்குங்கள், இலவசம். இதயச் சுவரில் ஓர் இடத்தைத் தொட்டு அதன் கிளர்ச்சி நேரத்தைத் தள்ளிப்போட்டால் மார்பு அலைகள் உடனே மாறும். இது கைக்குப் பழகும்வரை அடுத்ததற்குப் போக வேண்டாம்.

இதய, மார்பு வடிவங்கள் எட்கர் தரவுத்தளத்தில் கிடைக்கும். கணக்குக்கு யூட்டா பல்கலைக்கழகத்தின் ஸ்கீரன் போதும். இதயத்தில் தழும்பு ஒன்றை நீங்களே வையுங்கள்: அங்கே மின்னழுத்தத்தைக் குறைத்து, மின் அலையை மெதுவாகப் போகவிட்டு, மார்பில் என்ன பதியும் என்று கணியுங்கள்.

இனி தலைகீழ்க் கணக்கு. எல்லோரும் இடறுவது இங்கேதான். மார்பு அழுத்தத்தைக் கணித்த அதே முக்கோண வலையை வைத்தே இதயத்துக்குத் திரும்பினால் விடை அச்சொட்டாக வரும். அது வெறும் ஏமாற்று. திரும்பும்போது வேறு வலை, சற்றுப் பரும்படியானது, எடுங்கள். மார்புப் பதிவில் 20 மைக்ரோவோல்ற் அளவுக்கு இரைச்சல் சேருங்கள். இதயத்தை ஒரு சென்ரிமீற்றர் நகர்த்தியும் பாருங்கள். மூச்சு விடும் மனிதரில் அதுவும் நகரத்தான் செய்யும்.

இப்போது கணக்கு வெடிக்கும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் சிவப்பும் நீலமுமாகத் துள்ளும். அடக்குவதற்குத் திகனோவ் முறையின் லம்டா இருக்கிறது. அதைக் கூட்டக் கூட்டப் படம் அழகாகும், தழும்பின் விளிம்பு கரையும். நோயுள்ள இதயத்தில் நமக்கு வேண்டியது அந்த விளிம்புதான்! ஆகவே அழகைப் பார்த்து லம்டாவைத் தெரிவுசெய்யாதீர்கள். ஒவ்வொரு கணத்துக்கும் எல்-வளைவின் (விடையின் பிழையையும் அளவையும் எதிரெதிரே வரைந்தால் வரும் கோடு) முழங்கையைக் கண்டு, கிடைத்த லம்டாக்களின் இடையத்தை முழுத் துடிப்புக்கும் நிலையாக வையுங்கள். பிறகு அதைப் பத்தால் பெருக்கியும் வகுத்தும் ஓட்டுங்கள். இரண்டிலும் இடம் மாறாமல் நிற்பதை மட்டும் தழும்பு என்று சொல்லுங்கள்.

வண்ணத்தோடு நிற்காமல், தழும்பின் மேலுள்ள புள்ளிகளின் அலைகளைத் தனித்தனியே விரித்துப் பாருங்கள். சிறுத்து, பலமுறை உடைந்த அலை அங்கே தெரிய வேண்டும். நீங்கள் வைத்த இடத்துக்கும் கணக்குக் காட்டும் இடத்துக்கும் உள்ள தூரத்தை மில்லிமீற்றரில் குறியுங்கள். அது மிக அதிகமென்றால் லம்டாவைத் தொடுமுன் மின்வாய்களின் ஆள்கூறுகளைச் சரிபாருங்கள். பாதி வேளை, வரிசை எண்கள்தான் மாறிக் கிடக்கும்.