குண்டு பக்கவாட்டில் பதிந்தால்

தாமலிலிருந்து காஞ்சிபுரம் கல்லூரிகளுக்குப் போய், என்.சி.சி.யில் .22 ரைஃபிள் பிடிக்கத் தொடங்கியிருக்கும் பிள்ளைகளுக்குப் பழைய ஆர்மரர் ஒருவன் சொல்வது:

1. முதலில் டார்கெட் தாளைப் பாருங்கள். துளை வட்டமாக இருந்தால் குண்டு நேராகத்தான் வந்திருக்கிறது. குரூப்பிங் சிதறியதற்கு உங்கள் மூச்சையும் விரலையும் விசாரியுங்கள். குண்டின் பக்கவாட்டு அச்சு நீளமாகப் பதிந்திருந்தால்தான் அது ‘கீஹோல்’. காற்றில் ஆடும் தாள் பொய் சொல்லும். விறைப்பான அட்டையில் ஒட்டிச் சுடுங்கள்.

2. பேரலுக்குள் சுற்றி ஓடும் வரிதான் குண்டைச் சுழல வைத்து நேராகப் போக வைக்கிறது. வீட்டில் பட்டு முறுக்கிப் பழகியவர்கள் இங்கே குழம்புவார்கள். பட்டில் அங்குலத்துக்கு எத்தனை முறுக்கு என்று எண்ணுவோம். பேரலில் ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் என்பது கணக்கு. ஆகவே எண் கூடினால் முறுக்கு தளர்வு. .22-க்கு வழக்கம் 16, பழைய .303-க்கு 10. அந்த .303-இல் வரி இடப்பக்கம் சுற்றும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

3. எவ்வளவு முறுக்கு வேண்டும் என்பதற்குக் குண்டின் எடையைவிட நீளம்தான் முக்கியம். 1879-இல் கிரீன்ஹில் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் போட்ட கணக்கு இன்றும் உதவும்: குண்டின் விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி, 150-ஆல் பெருக்கி, நீளத்தால் வகுத்தால், ஒரு சுற்றுக்குத் தேவையான அங்குலம் வரும். .22 குண்டின் விட்டம் 0.223 அங்குலம், நீளம் சுமார் 0.46. போட்டுப் பாருங்கள், 16-க்கு வெகு அருகில் வரும். அதே பேரலில் அகிலா நிறுவனத்தின் நீளமான 60 கிரெய்ன் குண்டைப் போட்டால் பல துப்பாக்கிகளில் அது பக்கவாட்டில்தான் போய் விழுகிறது. அதற்கு 9 அங்குல முறுக்கு வேண்டும்.

4. குளிர்காற்று அடர்த்தியானது, அதில் குண்டு சீக்கிரம் தள்ளாடும். அமெரிக்காவின் எம்-16-க்கு முதலில் 14 அங்குல முறுக்கு. கடுங்குளிரில் அது போதவில்லை என்று 1960-களில் 12 ஆக்கினார்கள். நம்மூர் வெயிலில் இந்தத் தொல்லை இல்லை.

5. வழக்கமான 40 கிரெய்ன் குண்டைச் சுட்டும் கீஹோல் விழுந்தால், முறுக்கு எண்ணைக் குறை சொல்லாதீர்கள். அது தொழிற்சாலையிலேயே சரியாகக் கணக்கிட்டது. பேரல் வாயில் சிதைவு, உள்ளே படிந்த ஈயம், தேய்ந்த வரி என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். வாய்ப்பக்கத்திலிருந்து ராடை உரசி உரசித் துடைத்தே பல நல்ல ரைஃபிள்களைக் கெடுத்திருக்கிறார்கள்.

6. அதே லாட் தோட்டாவை வேறு ரைஃபிளில் சுடுங்கள். பிறகு அதே ரைஃபிளில் வேறு லாட். ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாது.

7. முறுக்கை அளக்க ஆசையா? பயிற்சியாளர் முன்னிலையில் செய்யுங்கள். துப்பாக்கி காலி என்று இருமுறை பார்த்து, போல்ட்டைக் கழற்றுங்கள். கைப்பிடியில் தானாகச் சுழலும் ராடில் இறுக்கமாகத் துணி சுற்றிச் செலுத்துங்கள். ராடில் போட்ட குறி ஒரு முழுச் சுற்று திரும்பி வரும்வரை எத்தனை அங்குலம் நகர்ந்ததோ, அதுதான் அளவு.

8. வாய் சிதைந்திருந்தால் நுனியை அறுத்துச் சரிசெய்யலாம் என்று யாராவது சொல்வார்கள். உரிமம் இல்லாமல் பேரலைக் குறுக்குவது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். அதற்குப் பதில், ரைஃபிள் எண், லாட் எண் இரண்டையும் டார்கெட் தாளின் பின்னால் எழுதிப் பயிற்சியாளரிடம் கொடுங்கள்.